இரண்டு வயதுக் குழந்தையை டர்பனில் யாரிடம் விடுவது? கிரெஷ், டே மதர், நானி, பாட்டி: ஓர் ஒப்பீடு

டர்பனுக்கு வடக்கே வெரூலத்தில் இருக்கும் ஒரு தங்கை போன மாதம் போன் செய்தாள். ஜனவரியிலிருந்து வேலைக்குப் போகவேண்டும், மகனுக்கு இருபது மாதம்தான் ஆகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிரெஷ் (குழந்தைக் காப்பகம்) இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு டே மதர், தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். வாரத்தில் இரண்டு நாள் வந்து வீட்டு வேலை செய்யும் சுலு இனத்து அம்மா, "தினமும் வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார், அதாவது நானியாக. ஊரிலிருந்து மாமியார், "டிக்கெட் போடு, வர்றேன்" என்கிறார். "நாலு வழி இருக்கு, ஆனா தூக்கம் வரமாட்டேங்குதுக்கா" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் விழித்துக் கிடந்தேன். அவளிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். டர்பனை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் சட்டம் தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் ஒன்றே, அதனால் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலும் மிட்ராண்டிலும் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் முன்னால் நான் பார்ப்பது, ஒரு பெரியவரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் என்பதை. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை குழந்தைக்கு ஓடத் தெரியும், ஏறத் தெரியும், எதையும் வாயில் போடத் தெரியும். எங்கே வலிக்கிறது, யார் அடித்தார்கள் என்று சொல்லத் தெரியாது. அதனால் பார்க்கிற கண்கள் போதுமா என்ற கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுக்கிறேன்.

அடுத்தது, அந்த இடத்தையும் ஆட்களையும் வெளியே இருந்து யாராவது சரிபார்த்திருக்கிறார்களா என்பது. மூன்றாவது, அதே முகம் தினமும் இருக்குமா, மாதத்துக்கு ஒருவர் மாறுவாரா என்பது. அப்புறம்தான் பணம். கடைசியாக ஒன்று, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பார்த்துக்கொள்பவர் வராவிட்டாலோ அன்றைக்கு யார் வீட்டில் இருப்பது?

## பதிவு என்ற காகிதம் எவ்வளவு சொல்கிறது

2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஆறுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோருக்காகப் பார்த்துக்கொள்ளும் யாரும், பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பதிவு செய்யவேண்டும். ஆறு வரை அந்தப் பதிவு தேவையில்லை. எனவே ஐந்து குழந்தைகளை வைத்திருக்கும் டே மதரிடம் சான்றிதழ் இல்லையென்றால் அவர் எதையும் மறைக்கவில்லை. அதே வீட்டில் ஒன்பது குழந்தைகள் இருந்தால் கதையே வேறு. போனதும் முதலில் தலைகளை எண்ணுங்கள்.

பதிவில் இரண்டு உண்டு. ஒன்று இடத்துக்கு, மற்றொன்று அங்கே நடக்கும் கல்வித் திட்டத்துக்கு. இரண்டையும் கேளுங்கள். 2022 ஏப்ரல் 1 வரை இந்தப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிடம் இருந்தது. அன்றிலிருந்து அடிப்படைக் கல்வித் துறையிடம் போய்விட்டது. ஆகவே பழைய சான்றிதழில் வேறு துறையின் பெயர் இருந்தால் பயப்படவேண்டாம். முகவரி அதே இடத்தின் முகவரியா, எத்தனை குழந்தைகளுக்கு அனுமதி, எந்தத் தேதி வரை செல்லும், நிபந்தனையோடு கொடுத்த பதிவா, இவற்றை நின்று படியுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதியின் கல்வி மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். டர்பனைச் சுற்றி அது பைன்டவுன் அல்லது உம்லாசி மாவட்டமாக இருக்கும்.

2021இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 42,420 மழலையர் மையங்கள் இருந்தன. அவற்றில் பத்தில் நான்கு அளவில்தான் பதிவு பெற்றிருந்தன. பதிவு இல்லாதவை எல்லாம் மோசமானவை என்று சொல்லமாட்டேன். நில உபயோக அனுமதி, கட்டட வரைபடம், தீயணைப்புச் சான்று என்று ஒவ்வொன்றாக அலைந்து பணமில்லாமல் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். ஆனாலும் என் குழந்தையை விடுவதென்றால், ஆறு குழந்தைக்கு மேல் உள்ள இடத்தில் பதிவு இல்லாமல் விடமாட்டேன். குறைந்தபட்சம் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காகிதத்தோடு காட்டவேண்டும்.

ஊழியர்களைப் பற்றியும் கேட்கவேண்டும். குழந்தைகளுடன் வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில் இருக்கின்றன. பாலியல் குற்றவாளிகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. வேலைக்கு எடுக்கும்முன் இரண்டிலும் சரிபார்ப்பது சட்டப்படி அந்த இடத்தின் கடமை. சமையலம்மா, தோட்டக்காரர், வேன் ஓட்டுநர் எல்லோருக்கும் சரிபார்த்தீர்களா என்று கேளுங்கள். முகம் சுளிக்கிற இடம் என்றால் அதுவே பதில்.

இவ்வளவு சொன்ன பிறகு என் அனுபவத்தையும் சொல்லவேண்டும். எங்கள் மகளை முதலில் சேர்த்த இடத்தில் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தோம். பாட்டு, களிமண், வரிசையாகச் சின்ன நாற்காலிகள். அங்கேயே சேர்த்தோம். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, வேலை சீக்கிரம் முடிந்து நாலு மணிக்கே போனேன். மூன்றரைக்கே பெரும்பாலான ஊழியர்கள் டாக்ஸி (இங்கே பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) பிடிக்கக் கிளம்பிவிடுவார்களாம். எல்லா வகுப்புக் குழந்தைகளும் ஒரே அறையில், ஒரே ஒரு பெண்ணின் பொறுப்பில். எண்ணினேன், பத்தொன்பது. என் மகள் நனைந்து கனத்த நாப்பியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வீட்டில் நாப்பி லேசாக ஈரமானாலே கத்துகிற பிள்ளை அது. கத்தினாலும் யாரும் வரமாட்டார்கள் என்று மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கூரை, கழிப்பறை, வெளியேறும் வழி, இதையெல்லாம் அந்தக் காகிதம் உறுதி சொல்லும், அது வேண்டும். சாயங்காலம் நாலு மணியை நாம்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

## கிரெஷ்

சட்டத்தின் விதிமுறைப்படி ஒன்றரை வயதுவரை ஆறு குழந்தைகளுக்கு ஒருவர். ஒன்றரையிலிருந்து மூன்று வயதுவரை பன்னிரண்டுக்கு ஒருவர். மூன்று, நான்கு வயதில் இருபதுக்கு ஒருவர். இருபது மாதக் குழந்தைகள் பன்னிரண்டு பேரை ஒருவர் பார்ப்பது என்பது எனக்கு ஒப்பவில்லை. அது சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. நல்ல இடங்கள் உதவியாளர் ஒருவரையும் சேர்த்து ஆறு, எட்டு என்று வைத்துக்கொள்கின்றன. அப்படி வைப்பதால்தான் கட்டணமும் ஏறுகிறது. அந்தக் கூடுதல் பணத்தை நான் மனப்பூர்வமாகக் கொடுப்பேன். வண்ணச் சுவருக்கும் கேமராவுக்கும் கொடுக்கமாட்டேன்.

கிரெஷின் பெரிய பலம், ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் இருப்பார் என்பது. நீங்கள் வேலைக்குப் போவது ஒருவருடைய உடல்நலத்தை மட்டும் நம்பி நிற்காது. சந்தேகப்படும்படி ஏதாவது கண்டால் புகாரளிக்கவேண்டிய சட்டப்படியான கடமையும் அங்குள்ள ஊழியர்களுக்கு உண்டு. குழந்தையை அடிக்கக்கூடாது என்பதும் சட்டம்தான்.

மாதக் கட்டணத்துக்கு வெளியே இருக்கும் செலவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கைக் கட்டணம் ஒருமுறை. ஜனவரியில் நீளமான ஒரு பட்டியல் வரும்: டாய்லெட் பேப்பர், ஈரத் துடைப்பான், பசை, கிரேயான். வருடக் கடைசியில் கான்செர்ட் உடை. தாமதமாக வந்தால் கால் மணி நேரத்துக்கு இவ்வளவு என்று அபராதம். டிசம்பரில் மூன்று, நான்கு வாரம் மூடினாலும் பல இடங்களில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டவேண்டும். அந்த வாரங்களுக்கு வேறு ஏற்பாடும் செய்யவேண்டும், ஆக இரட்டைச் செலவு. ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்காக அரசு தரும் மானியம் ஒரு நாளைக்கு 17 ராண்டாக இருந்தது, 2025 பட்ஜெட்டில் 24 ஆக உயர்த்தினார்கள். அது மையத்துக்குப் போகும், நம் கைக்கு வராது. ஆனால் மானியம் பெறும் மையங்களில் கட்டணம் குறைவாக இருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறைமுகச் செலவு, நோய். முதல் வருடம் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மாறிமாறி வரும். காய்ச்சலோடு எந்த நல்ல கிரெஷும் எடுத்துக்கொள்ளாது, எடுக்கவும் கூடாது. குழந்தையின் உடல்நலத்துக்காகச் சட்டம் தரும் குடும்பப் பொறுப்பு விடுப்பு வருடத்துக்கு மூன்று நாள்தான். என் மூன்று நாளும் மார்ச் மாதத்துக்குள் தீர்ந்துபோயின. கணவன் மனைவி இருவருடைய லீவுகளையும் எண்ணி, முறை போட்டுக்கொண்டு, அப்புறம் சேருங்கள்.

சாப்பாட்டையும் விசாரியுங்கள். புரட்டாசி முழுக்க மரக்கறி என்று நடக்கும் வீடு உங்களுடையது என்றால் அதை வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். போலனி (பதப்படுத்திய இறைச்சி) சாண்ட்விச் வாரத்துக்கு எத்தனை நாள் என்றும் கேட்பேன். 2017–18இல் போலனி வழியாகப் பரவிய லிஸ்டீரியா நோயில் இந்த நாட்டில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பச்சிளங்குழந்தைகள் அதிகம். குளிர்சாதனப் பெட்டி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதில் வெட்கமில்லை.

## டே மதர்

தன் வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள். டர்பனின் பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் எத்தனையோ பேர் இப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள். குழந்தைக்கு ஒரே முகம், ஒரே மடி, வீட்டுச் சாப்பாடு. நோய் தொற்றும் வாய்ப்பும் குறைவு. புதிய இடத்தில் ஒடுங்கிப்போகிற குழந்தைக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம். ஷிஃப்டில் வேலை செய்கிறவர்களுக்கும் நேரத்தில் நெகிழ்வு கிடைக்கும்.

ஆனால் யாரும் வந்து சோதிப்பதில்லை. சோதனை செய்யும் அதிகாரியும் நீங்கள்தான். பகலில் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நாய் எங்கே கட்டியிருக்கும்? அவர் குளிக்கப் போனால் யார் பார்ப்பது? நீச்சல்குளம் உள்ள வீடுகள் இங்கே நிறைய. குளத்தைச் சுற்றிப் பூட்டும் வேலியோ, இறுக்கமான வலையோ இல்லாத வீட்டில், அந்த அம்மா தங்கமானவராக இருந்தாலும் விடாதீர்கள். இரண்டு வயதுக் குழந்தை தண்ணீரில் விழுந்தால் சத்தம் போடாது.

அவருக்கே உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு உங்களுக்கும் வேலை இல்லை. அதோடு, நல்ல பெயர் வாங்கியவரிடம் கூட்டம் சேரும். ஆறாக இருந்தது ஆறே மாதத்தில் ஒன்பதாகும். அப்படியானால் பதிவு செய்யப் போகிறாரா என்று அன்பாகவே கேளுங்கள்.

## நானி

தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்கு 'ஆயா' என்று வாயில் வந்துவிடும். இங்கே பரம்பரையாக இருக்கும் பல தமிழ் வீடுகளில் ஆயா என்றால் பாட்டி, அதனால் நானி என்றே எழுதுகிறேன்.

ஒரு குழந்தைக்கு ஒருவர். குழந்தை தன் கட்டிலில் தூங்கும், காய்ச்சலானாலும் நீங்கள் வேலைக்குப் போகலாம். அதிகாலையில் கிளப்பிக் காரில் ஏற்றவேண்டாம். என் மகள் 'தண்ணி'க்கு முன்னால் அதற்கான சுலு சொல்லான 'அமன்ஸி' சொன்னாள், எங்களுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. இந்த மண்ணில் வளரும் பிள்ளைக்கு இசிசுலு (சுலு மொழி) ஒரு சொத்து.

செலவை நேர்மையாகக் கணக்கிடுங்கள். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட், ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும். வாரத்துக்கு 45 மணி நேரம் என்றால் அந்தக் கணக்கில் மாதம் 5,600 ராண்ட் அளவில் வரும். அதற்குமேல் வேலையின்மைக் காப்பீடான யூஐஎஃப், அவர் பங்கு நூற்றுக்கு ஒன்று, உங்கள் பங்கு நூற்றுக்கு ஒன்று. வருடத்துக்கு 21 நாள் சம்பளத்தோடு விடுப்பு. 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, வேலையில் காயம்பட்டால் கிடைக்கும் இழப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுப் பணியாளர்களும் அடங்குவார்கள், அதற்கும் பதிய வேண்டும். குழந்தையை விட்டு நகர முடியாத சாப்பாட்டு நேரமும் வேலை நேரம்தான், அதைக் கழிக்கக்கூடாது. குழந்தை பார்ப்பதோடு துணி, சமையல், தரை எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினால் பாதிக் கண்தான் குழந்தை மேல் இருக்கும்.

"உங்கள் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். கேட்காமலே வருடக்கணக்காக வேலை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும். தன் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு டாக்ஸி மாறி நம் பிள்ளைக்காக வருகிறார். அந்த ஏற்பாடு உடைந்தால் அவரால் வரமுடியாது. அதைத் தெரிந்துகொள்வது மரியாதை, நமக்கு உபயோகமும்கூட. டாக்ஸி ஸ்ட்ரைக் நாளுக்கும், டிசம்பரில் அவர் ஊருக்குப் போகும் வாரங்களுக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும்.

நானி மட்டுமே என்றால் மற்றக் குழந்தைகளோடு விளையாட வழியில்லை. இரண்டரை வயதுக்கு மேல் அது தெரிய ஆரம்பிக்கும்.

## பாட்டி

தமிழ் காதில் விழும், கதை கிடைக்கும், ரசம் சோறு கிடைக்கும். இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு விருந்தினர் விசா பொதுவாக 90 நாள்தான், நீட்டிக்கத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்தால் மூன்று மாதத்துக்கு ஆகும் செலவு சிறியதல்ல. அறுபத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு இருபது மாதப் பையன் பின்னால் பத்து மணி நேரம் ஓடச்சொல்வது நியாயமா என்பதையும் யோசியுங்கள். பேச ஆளில்லாமல், தனியே வெளியே போகப் பயந்து, கதவுக்குள்ளேயே இருந்த அம்மாக்களை அறிவேன். பாட்டி வருகிறார் என்றால், கிரெஷில் பழக்கும் முதல் மூன்று மாதத்துக்கு அவரை வரவழைப்பது நல்ல உபயோகம்: காலையில் அரை நாள் கிரெஷ், மதியத்துக்குமேல் பாட்டி. இங்கேயே பாட்டி இருப்பவர்களுக்கும் இந்தக் கலவை பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| | கிரெஷ் | டே மதர் | நானி | பாட்டி |
|---|---|---|---|---|
| ஒருவர் பொறுப்பில் (18 மாதம்–3 வயது) | சட்டப்படி 12 வரை | 6 வரை | உங்கள் பிள்ளைகள் மட்டும் | உங்கள் பிள்ளைகள் மட்டும் |
| குழந்தைகள் சட்டப் பதிவு | கட்டாயம் | 6 வரை தேவையில்லை | இல்லை | இல்லை |
| பார்ப்பவர் வராத நாள் | மாற்று ஆள் உண்டு | உங்கள் லீவு | உங்கள் லீவு | உங்கள் லீவு |
| குழந்தைக்குக் காய்ச்சல் | வீட்டில்தான் | கேட்டுக்கொள்ளவேண்டும் | சமாளிக்கலாம் | சமாளிக்கலாம் |
| மறைந்த செலவு | டிசம்பர், பட்டியல், அபராதம் | திடீர் லீவு | யூஐஎஃப், விடுப்பு, இழப்பீட்டுப் பதிவு | விசா, டிக்கெட், காப்பீடு |
| யாருக்கு நல்லது | நிலையான வேலை நேரம், 2 வயதுக்கு மேல் | ஒடுங்கும் குழந்தை, ஷிஃப்ட் வேலை | கைக்குழந்தை, அல்லது இரண்டு பிள்ளைகள் | பழகும் காலம், அரை நாள் |

## நேரில் போகும்போது

கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தேடுங்கள், நல்ல இடங்களில் வெயிட்டிங் லிஸ்ட் இருக்கும். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி விவரம் உள்ள 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தையும் கேட்பார்கள். அதைக் கேட்காத இடம் மற்றக் குழந்தைகளிடமும் கேட்டிருக்காது.

டோங்காட், வெரூலம், பீனிக்ஸ் பக்கம் என்றால் தண்ணீரைப் பற்றி விசாரிக்காமல் வராதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் கிடந்தது நினைவிருக்கும். தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ தொட்டி இருக்கிறதா, நாப்பி மாற்றிய கையை எதில் கழுவுகிறார்கள்?

வேன் ஏற்பாடு இருந்தால் கூடுதல் கவனம். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது, ஆனால் மினிபஸ் டாக்ஸிக்கு அது பொருந்தாது. சட்டம் விலக்கு கொடுத்தாலும் வேகமாக மோதும் வண்டி கொடுக்காது. இந்த வயதில் நாமே கொண்டுபோய் விட முடியாத தூரம் என்றால் அந்த இடத்தை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

காலையில் ஒருமுறை, சொல்லாமல் மாலை நாலு மணிக்கு மேல் ஒருமுறை, இரண்டு தடவையாவது போங்கள். சேர்ந்த பெற்றோர் எந்த நேரத்திலும் உள்ளே வரலாமா என்று கேளுங்கள். பாதுகாப்புக்காக வாசலில் பூட்டு இருக்கலாம், இந்த ஊரில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் தாய்க்குத் திறக்க மறுக்கும் பூட்டு வேண்டாம். ஏதாவது தவறு நடக்கிறது என்று மனம் அடித்துக்கொண்டால் குழந்தைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனை 116இல் கூப்பிடலாம், கட்டணமில்லை.

வெரூலம் தங்கை இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பேசினாள். மாமியாருக்கு ஜனவரி கடைசிக்கு டிக்கெட் போட்டாயிற்று. அந்தப் பக்கத்துக் கிரெஷில் இடம் பிடித்துவிட்டாள், முதலில் அரை நாள். சேர்ப்பதற்கு முன் சொல்லாமல் போய்ப் பார்த்தாளாம். "நாலேகாலுக்குப் போனேன்க்கா. பதினோரு பிள்ளைங்க, ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தி மடியில ஒரு குட்டி தூங்கிட்டிருந்துச்சு."